நாவுக்குக் கூலி

சொற்பொழிவாளருக்குப் பொன்னாடை போர்த்துவதும், அந்தப் பொன்னாடையோடு ஓர் உறையையும் கையில் வைப்பதும் நம் மேடைகளின் நெடுநாள் வழக்கம். உறைக்குள் இருப்பது வழிச்செலவு என்பார் தருபவர். அன்பளிப்பு என்பார் பெறுபவர். வீடு திரும்பும் வழியில் எண்ணிப் பார்க்கும்போது மட்டும் அது கூலியாக இருக்கும். அதில் இழிவு ஒன்றும் இல்லை. பட்டிமன்றத்திலும் மீலாது விழாக்களிலும் பேசி, அந்த வருவாயில் குடும்பத்தைக் கண்ணியமாக நடத்துகிறவர்களை நான் அறிவேன். நாவன்மை ஒரு தொழில். தொழிலுக்குக் கூலி உண்டு.

ஆனால், கூலி பெறுவதில்லை என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு நான் சேர்ந்த இடம் ஒன்று உண்டு. அவ்விடத்தின் பெயரால் ஒரு முறை நான் உறை வாங்கினேன். 2011ஆம் ஆண்டில் நடந்தது. அன்று அதை அறிந்தவர்கள் முப்பது பேர்தாம். இன்று வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

‘டோஸ்ட்மாஸ்டர்ஸ்’ என்னும் பேச்சுப் பயிற்சி மன்றங்களைப் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் புளூமிங்டன் நகரில், ஒய்.எம்.சி.ஏ.வின் கல்விப் பிரிவில் பணியாற்றிய ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1905ஆம் ஆண்டில் இதற்கு வித்திட்டார். அங்கு வந்த இளைஞர்களுக்கு அறிவு இருந்தது; அதை நான்கு பேர் முன்னிலையில் எடுத்துச் சொல்லும் திடம் இல்லை. அவர்களை வட்டமாக உட்கார வைத்து, ஒருவர் பேச மற்றவர்கள் குறை நிறை சொல்லும் முறையை அவர் தொடங்கினார். அது அவ்வூரில் நிலைக்கவில்லை. 1924 அக்டோபர் 22ஆம் நாள் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் மீண்டும் தொடங்கியபோதுதான் வேர் பிடித்தது. 1932இல் பதிவு பெற்ற அமைப்பாயிற்று. பெண்களை உறுப்பினராக ஏற்க அவர்களுக்கு 1973ஆம் ஆண்டு வரை பிடித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெயரைக் கேட்டு என் வாப்பா முகம் சுளித்தார்கள். விருந்தில் மதுக்கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துரைக்க அழைப்பு விடுப்பவருக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். “போயும் போயும் இந்தச் சங்கந்தானா கிடைத்தது?” என்றார்கள். எங்கள் கூட்டத்தில் தேநீரைத் தவிர வேறெதுவும் ஊற்றப்படுவதில்லை என்று விளக்கிச் சொன்ன பிறகும் அவர்களுக்கு முழு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

நான் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். எண்களோடு பழகியவனுக்குச் சொற்களோடு பழக்கம் குறைவு. தம்பியின் திருமணத்தில் வந்தவர்களுக்கு நன்றி சொல்ல எழுந்து, சொல்ல இயலாமல் உட்கார்ந்துவிட்டவன் நான். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டில் விக்டோரியா மண்டபத்தில் நூறு காரியங்களை ஒருங்கே கவனித்துக் காட்டிய சென்னை மாநகரில், நிற்பது, பேசுவது என்னும் இரண்டு காரியங்களை ஒருங்கே செய்ய முடியாமல் நான் திணறினேன். அந்த வெட்கமே என்னை மன்றத்துக்கு அழைத்துச் சென்றது.

மன்றத்தில் ஆசிரியர் என்று எவரும் இல்லை. இதுவே அதன் உயிர்நாடி. ஒருவர் ஐந்து முதல் ஏழு நிமிடம் பேசுவார். ஐந்தாம் நிமிடத்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. இன்னொருவர் அப்பேச்சை மதிப்பிட்டு இரண்டு மூன்று நிமிடம் பேசுவார். மற்றுமொருவர், பேசுபவர் எத்தனை முறை ‘ஆ’, ‘உம்’ என்று இழுத்தார் என்று எண்ணிக்கொண்டிருப்பார். இன்று என் பேச்சை மதிப்பிட்டவரின் பேச்சை அடுத்த கூட்டத்தில் நான் மதிப்பிடுவேன். கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரேயாகிவிடுவதால் அங்கே வட்டியும் இல்லை, கூலியும் இல்லை. சந்தாத் தொகையில் ஒரு பகுதி தலைமையகத்துக்குப் போகும். எஞ்சியது தேநீருக்கும் இட வாடகைக்கும் சரியாகப் போய்விடும்.

இந்த உள்வட்டத்துக்குள் நடக்கும்வரை சிக்கல் எதுவும் எழுவதில்லை. மன்றம் தன் வாசலைத் தாண்டி வெளியே பயிற்சி நடத்தப் புறப்படும்போதுதான் எழுகிறது. அப்படிப் புறப்படுவதற்கு அமைப்பிலேயே வழி உண்டு. உறுப்பினர் அல்லாத பெரியவர்களுக்காக ‘ஸ்பீச்கிராஃப்ட்’ என்னும் பயிற்சி ஒன்று. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்காக எட்டு அமர்வுகளில், 25 பேருக்கு மிகாமல் நடத்தும் தலைமைப் பயிற்சி மற்றொன்று. பங்கு பெறுகிறவர்களிடம் செலவுக்கேற்பக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அது மன்றத்தின் கணக்கில் சேர வேண்டும். நடத்துகிற உறுப்பினர் தம் உழைப்புக்கு ஊதியம் பெறலாகாது. பயிற்சியின் சுவை பிடித்து நாலு பேர் மன்றத்தில் சேர்வார்கள் என்பதே எதிர்பார்க்கும் ஊதியம்.

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில், அறநோக்கு அமைப்பின் வருவாயில் எந்தப் பகுதியும் தனியொருவரின் ஆதாயத்துக்குப் போகக் கூடாது என்றொரு நிபந்தனை உண்டு. தலைமை அமைப்பு அந்தப் பிரிவின் கீழ் வரிவிலக்குப் பெற்றது. நம் நாட்டுக்கும் இக்கருத்து புதிதன்று. 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தில் 14ஆம் பிரிவைப் பாருங்கள்: ஒரு சங்கம் கலைக்கப்பட்டால் கடன்கள் போக எஞ்சிய சொத்தை உறுப்பினர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள முடியாது; வேறொரு சங்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். நம் மாநிலத்துக்கு 1975இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும், பொதுக் காரியத்துக்காகக் கூடியவர்கள் அதிலிருந்து தம் மடியை நிரப்பிக்கொள்ளலாகாது என்ற எண்ணம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கே எழுத்தில் வந்துவிட்டது. இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். தணிக்கையாளன் அல்லவா? அறக்கட்டளைகளின் ஏடுகளில் இவ்வகைத் தவறுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டிச் சம்பாதித்தவன் நான்.

பெரியமேட்டில் அலுவலகம் வைத்திருந்த ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் முதலாளி, என் வாடிக்கையாளர் ஒருவர் மூலம் எனக்கு அறிமுகமானார். மிலானுக்கும் ஹாங்காங்குக்கும் கண்காட்சிக்குப் போகும் தம் ஊழியர்கள், வெளிநாட்டுக் கொள்முதல்காரர் முன் வாயடைத்து நிற்கிறார்கள் என்று வருந்தினார். “தோலைப் பற்றி இவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை பாய். சொல்லத்தான் தெரியவில்லை” என்றார். எனக்கு ஸ்மெட்லியின் நினைவு வந்தது.

மன்றத்தின் செயற்குழு ஒப்புக்கொண்டது. பதினாறு பேர், எட்டு ஞாயிற்றுக்கிழமை காலைகள், தலைக்கு 500 ரூபாய். ஆக 8,000 ரூபாயை நிறுவனம் காசோலையாக மன்றத்தின் பெயருக்குக் கொடுத்தது. கையேடு, தேநீர், சான்றிதழ் எல்லாம் போக 2,800 ரூபாய் மிஞ்சியது. நான் ஒருங்கிணைப்பாளன். எனக்கு உதவியாக இருவர்: வேலை இழந்து ஆறு மாதமாக வேறு வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண், பணியில் சேர்ந்து ஓராண்டே ஆன ஓர் இளம் பொறியாளர்.

முதல் நாளே நான் பதினாறு பேருக்கும் ஒரு வாக்குக் கொடுத்தேன். “இங்கே நீங்கள் தடுமாறினால் அது இந்த அறையோடு போயிற்று. உங்கள் குறையும் நிறையும் உங்களுக்கு மட்டுமே சொல்லப்படும்” என்றேன். அப்படிச் சொன்ன பின்புதான் அவர்கள் வாய் திறந்தார்கள். அவர்களுள் கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார், நாற்பது வயதிருக்கும். திக்குவாய். முதல் ஞாயிறன்று தம் பெயரைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நேரமாயிற்று. நேரங்காட்டும் விளக்கை அணைத்துவிடும்படி நான் சைகை செய்தேன். அவரோ, “எல்லாருக்கும் எரிகிற விளக்கு எனக்கும் எரியட்டும் சார்” என்றார், திக்கித் திக்கி.

எட்டாம் ஞாயிறன்று அவர் பேசியதை இன்றும் மறக்கவில்லை. பதம் செய்த தோலைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி, அது ஆட்டுத்தோலா செம்மறித்தோலா, மழைக்காலத்தில் உரித்ததா கோடையில் உரித்ததா என்று தம் தகப்பனார் சொன்ன விதத்தை விவரித்தார். திக்கல் இருந்தது; ஆனால் அறையில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை, பேச்சைத்தான் கேட்டார்கள். கூட்டம் முடிந்ததும் மன்றத்தில் சேர்வதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கி, அங்கேயே நிரப்பி, சேர்க்கைத் தொகையையும் எண்ணிக் கொடுத்தார். பதினாறு பேரில் அவர் ஒருவரே சேர்ந்தவர்.

அன்றுதான் உறை வந்தது. முதலாளி எனக்கும் உதவியாளர் இருவருக்கும் பொன்னாடை போர்த்தி, ஆளுக்கோர் உறை கொடுத்தார். என்னுடையதில் 15,000 ரூபாய். அவர்களுடையதில் ஐயாயிரம் ஐயாயிரம். இளைஞர் என்னைத் தனியே அழைத்து, “சார், இதை வாங்கலாமா?” என்று கேட்டார். என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த வாரமே கடைசி நாள். “அன்பாகக் கொடுப்பதைத் தட்டக் கூடாது தம்பி, வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவருக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டு எனக்கே சொல்லிக்கொண்டேன் என்பது இப்போது விளங்குகிறது.

புதன்கிழமை மன்றத்தின் பொருளாளர் தொலைபேசியில் அழைத்தார். அந்தப் பெண் ஞாயிறு இரவே உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்து, ரசீதும் பெற்றுச் சென்றிருக்கிறார். “5,000 ரூபாய் வந்திருக்கிறது பாய். எந்தத் தலைப்பில் எழுதுவது? நீங்கள்தாம் கணக்காளர் ஆயிற்றே, சொல்லுங்கள்” என்றார். “நன்கொடை என்று எழுதுங்கள்” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வேலையில்லாத பெண்ணால் முடிந்தது, தொழில் நடத்துகிற என்னால் முடியவில்லை. கட்டணம் செவ்வாயன்றே கட்டியாயிற்று.

சனிக்கிழமை முதலாளி அழைத்தார். நலம் விசாரித்த பின், “பாய், பதினாறு பேரையும் எட்டு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். மிலானுக்கு மூன்று பேரை அனுப்ப வேண்டும். யார் யார் தேறுவார்கள்?” என்று கேட்டார்.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். ஊதியம் வாங்கலாகாது என்ற விதியை அதுவரை நான் வெறும் கணக்கு விதியாகவே எண்ணியிருந்தேன். பணம் எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்குப் போகலாம் என்பதைப் பற்றியது என்று. அந்தத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றபோதுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. உறை வாங்காதவனாக இருந்திருந்தால், “மன்னிக்க வேண்டும், அதைச் சொல்வதில்லை என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்” என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். இப்போதோ எதிர்முனையில் இருப்பவர் எனக்குக் கூலி கொடுத்தவர். கூலி கொடுத்தவர் வேலையின் பலனைக் கேட்கிறார். அவர் மிரட்டவில்லை, உறையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அவர் மனத்தில் அது இருந்ததாகவும் நான் கருதவில்லை. என் மனத்தில்தான் இருந்தது. மூன்று பெயர்களைச் சொன்னேன். சரளமாகப் பேசுகிற மூவர். கிடங்கு மேற்பார்வையாளரின் பெயர் அதில் இல்லை. “அந்தத் திக்குவாய்க்காரர் ரொம்ப ஆசைப்படுகிறாரே?” என்று முதலாளியே கேட்டார். “அவருக்கு இன்னும் காலம் வேண்டும்” என்றேன்.

அடுத்த வியாழக்கிழமை, அதாவது உறை வாங்கிய பதினோராம் நாள், மன்றத்தின் வழக்கமான கூட்டம். அதில் முன்னறிவிப்பின்றித் தலைப்புக் கொடுத்து ஓரிரு நிமிடம் பேசச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அன்றைய தலைப்புகளுள் ஒன்று, ‘அண்மையில் எனக்குக் கிடைத்த பரிசு’. அது இளம் பொறியாளருக்கு வாய்த்தது. கள்ளமற்ற பிள்ளை. பயிற்சி நடத்தியதற்கு ஐயாயிரம் ரூபாய் கிடைத்ததையும், தம் தகப்பனாருக்கு முதன்முதலாக நல்ல காலணி வாங்கிக் கொடுத்ததையும், அவர் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்ததையும் உருக்கமாகச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. மஞ்சள் எரிந்தது. அவையில் யாரும் கை தட்டவில்லை. பொருளாளர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று புரியாமல் இளைஞர் மேடையிலேயே நின்றுவிட்டார்.

நான் எழுந்தேன். தம்பியின் திருமணத்தில் எழுந்ததைக் காட்டிலும் கடினமாக இருந்தது. “தவறு அவருடையது அன்று. கேட்டார், வாங்கலாம் என்று சொன்னவன் நான். அதைவிட மூன்று மடங்கு வாங்கியவனும் நான்” என்றேன். மிலான் விவகாரத்தையும் சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுவாரம் செயற்குழு கூடிற்று. தொகையை மன்றத்துக்கு நன்கொடையாக ஏற்றுக்கொள்ளலாம் என்றனர் சிலர். ஒலிபெருக்கி வாங்க வேண்டியிருந்தது. எங்களுள் மூத்தவரான வழக்குரைஞர் ஒருவர் மறுத்தார். “கட்டணம் 8,000 என்று பேசி முடித்துப் பெற்றாயிற்று. அதற்கு மேல் வந்தது எதற்காக வந்தது? இந்தப் பாய் பக்கத்து வீட்டுக்காரராகப் போயிருந்தால் அவர் இதைக் கொடுத்திருப்பாரா? கொடுத்திருப்பார் என்றால் அன்பளிப்பு. இல்லையென்றால் மன்றத்தின் பெயரை விற்ற பணம். விற்பதற்கு அது இவருடைய பெயர் அன்று” என்றார். என் வாப்பா இதையே ‘அமானிதம்’ என்ற ஒரே சொல்லில் சொல்லியிருப்பார்கள்.

அன்று விவாதம் என்னோடு நிற்கவில்லை. எங்களுள் பேச்சுப் பயிற்சியையே பிழைப்பாகக் கொண்ட நண்பர் ஒருவர் இருந்தார். மன்றத்தின் வெளிப்பயிற்சிகளின் தேநீர் இடைவேளையில் தம் முகவரி அட்டையைக் கொடுத்து, பிறகு தம் சொந்த வகுப்புகளுக்கு ஆள் சேர்ப்பது அவர் வழக்கம். “நான் உங்களிடம் கூலி கேட்கவில்லையே? என் பிழைப்பையும் கெடுக்கலாமா?” என்று அவர் மனம் நொந்து கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு என்னைப் போல் வேறு தொழில் இல்லை. வெகுநேரம் பேசினோம். அவர் தம் பெயரில், தம் இடத்தில், தாமே எழுதிய பாடங்களைக் கொண்டு எவ்வளவு கட்டணமும் வாங்கலாம். மன்றத்தின் பெயரும் சின்னமும் கையேடுகளும் அங்கே வரக் கூடாது. மன்றத்தின் பயிற்சிக்கு வந்தவர்களிடம் பயிற்சி நடக்கும் காலத்தில் தம் வகுப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று முடிவாயிற்று. அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் அதன்பின் வெளிப்பயிற்சிகளுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அது மன்றத்துக்கு இழப்பே. எங்களுள் அவரைப் போல் கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் வேறு எவரும் இல்லை.

வெளியார் கேட்கும் பயிற்சிக்குச் செயற்குழுவின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும், பணம் காசோலையாகவே வர வேண்டும், கணக்கை அடுத்த கூட்டத்தில் படிக்க வேண்டும் என்றெல்லாம் அன்றே எழுதிக்கொண்டோம். பயிற்சி பெறுவோரின் மதிப்பீட்டை அவர்களை அனுப்பியவருக்குக் கொடுப்பதில்லை என்பதை நிறுவனத்தார் முதலிலேயே கையெழுத்திட்டு ஏற்க வேண்டும் என்ற விதியை அந்தப் பெண் முன்மொழிந்தார். இந்த ஒரு விதியால் பின்னர் இரண்டு நிறுவனங்கள் எங்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

மூன்று உறைகளின் தொகையையும் நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். என் பங்குக்கும் இளைஞரின் பங்குக்கும் கடன் வாங்கினேன். காலணியைத் திருப்பிக் கேட்க முடியுமா? முதலாளி புண்பட்டுப் போனார். “நான் என்ன லஞ்சமா கொடுத்தேன், பாய்?” என்றார். இல்லை என்று சொல்லி, அமைப்பின் விதியை விளக்கினேன். பணத்தை வாங்கி மேசையில் வைத்தவர், “பொன்னாடையையாவது வைத்துக்கொள்வீர்களா?” என்று கேட்டார். நான் சொன்ன மூன்று பெயர்களை மறந்துவிடும்படி வேண்டினேன். “டிக்கெட் எடுத்தாயிற்றே” என்றார்.

ஒரு மாதம் கழித்து, கூட்டம் தொடங்குவதற்கு முன் கிடங்கு மேற்பார்வையாளர் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். தம் சேர்க்கைப் படிவத்தைத் திருப்பித் தரும்படி கேட்டார். காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி, வேண்டாம் என்பது போலக் காட்டினார். ‘படிவம்’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்க, முதல் ஞாயிறன்று தம் பெயரைச் சொல்லப் பட்ட பாட்டைவிட அதிகம் பட்டார்.

அவ்வாண்டின் கணக்கேட்டை நானே தணிக்கை செய்யலாகாது என்று கூறி வேறொருவரிடம் ஒப்படைத்தேன். அதில், சேர்க்கைத் தொகை திருப்பிக் கொடுத்த வகையில் அவருடைய கையொப்பத்தோடு ஒரு செலவுச்சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை. தணிக்கை செய்தவர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறார்.